பெரியவன்

செடிகள் எல்லாம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

ஒரு கையில் பூவாளியும் இன்னொரு கையில் இலை துடைக்கும் ஈரத்துணியுமாக மகளின் அறை வாசலில் நின்றவளுக்கு, எது சரியில்லை என்று பிடிபடவே கொஞ்ச நேரமானது. இலைச்செடிகளின் குணம் அவளுக்குத் தெரியும். வெளிச்சம் வரும் பக்கம்தான் அவை முகத்தைத் திருப்பும். ஒரே பக்கமாகச் சாய்ந்து கோணிப்போகாமல் இருக்க, அவ்வப்போது தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். அவளாக ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடமில்லை இது. அவள் வீட்டுக்காரர் காது புளிக்கச் சொல்லிச் சொல்லி ஏற்றியது. நேற்றும் திருப்பித்தான் வைத்தாள். இப்போது பார்த்தால், அலமாரி மேலே இருந்தது, தரையில் நின்றது, கொக்கியில் தொங்கியது என்று அத்தனை செடிகளும், கண்ணாடியில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கண்டுகொள்ளாமல், அறையின் நடுவில் கிடந்த கட்டிலைப் பார்த்தபடி இருந்தன. கட்டிலில் சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

“பாருங்க, நல்லாப் பாருங்க. உங்களுக்கு மெத்தை போட்டுத் தரலைன்னுதான் குறை,” என்று கடுகடுத்துவிட்டு அவள் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள்.

அவளுக்குத் திரைச்சீலை தைப்பது தொழில். ஊரில் யார் யார் வீட்டு ஜன்னலுக்கோ அளவெடுத்து, மடிப்பு வைத்து, வளையம் கோத்துக் கொடுப்பவளுக்குத் தன் வீட்டு ஜன்னலைத் திறக்க உரிமையில்லை. காற்று வறண்டுபோகுமாம். இலை ஓரம் கருகுமாம். அவள் வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியில் மிளகைத் தூவியதுபோல் பூஞ்சை பிடித்தது. ஊசி துருவேறியது. ஆசை ஆசையாகத் தைத்துக் கொடுத்த ஒரு திரைச்சீலையை, வாடை அடிக்கிறது என்று சொல்லி ஒரு வாடிக்கைக்காரி முகத்துக்கு நேரே நீட்டினாள். அன்றைக்குக்கூட வீட்டுக்காரர், “துணியை வேற எங்கேயாவது வை,” என்றாரே தவிர, செடியை வேறெங்காவது வைக்கலாம் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவள் வயிறு எரிந்தது சிட்டுவுக்காக.

சிட்டுவுக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சிழுப்பு. அந்தச் சத்தத்தை எந்தக் கூட்டத்திலும் பெற்றவள் பிரித்துச் சொல்லிவிடுவாள். மெல்லிய விசிலாகத் தொடங்கி மேலே ஏறும். உச்சியில், நூல் சிக்கியதுபோல், ஒரு கணம் நிற்கும். பிறகுதான் இறங்கும். அந்த ஒரு கணத்துக்காகவே அவள் எத்தனையோ முறை தையலைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இறங்கியதும்தான் அவள் கால் மறுபடியும் மிதியில் போகும். அறைக் காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால் பிள்ளைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்காரர் அன்றே ஈரப்புகை விடும் மெஷின் ஒன்றை வாங்கி வந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். சிட்டு அதற்கு மேக மெஷின் என்று பெயர் வைத்தாள். அவளும் மனசு குளிர்ந்து, மனுஷருக்குப் பிள்ளைமேல் பாசம் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்தாள்.

அந்த நினைப்பில் சீக்கிரமே மண் விழுந்தது. ஈரம் வீணாகத்தானே போகிறது என்று முதலில் ஒரு சின்னத் தொட்டி வந்தது. அதற்குத் துணையாக இன்னொன்று. பிறகு அலமாரியில் சிட்டுவின் பொம்மைகள் இருந்த இடமெல்லாம் தொட்டி. கடைசியில் கூடத்தில் கொலுவிருந்த பெரிய மான்ஸ்டெரா செடியை, ஆள் உயரத்துக்குப் பாசி சுற்றிய கம்பில் ஏறி, முறம் முறமாகக் கிழிந்த இலை விட்டிருந்ததை, தொட்டியோடு இழுத்து வந்து தலைமாட்டில் நிறுத்தினார். அதற்கு இடம் வேண்டும் என்று பிள்ளையின் கட்டில் சுவரை விட்டு நடுவுக்கு வந்தது. மெஷினின் வாயும் மெல்ல மெல்லக் கட்டிலை விட்டுச் செடிப் பக்கம் திரும்பியது. பிள்ளைக்கு வாங்கிய ஈரத்தைச் செடி குடித்தது. அந்த மான்ஸ்டெராவுக்கு அவர் வைத்த பெயர் பெரியவன்.

பெரியவனாம், பெரியவன். பெற்றவள் அவள்தானே, அவளுக்குத் தெரியாமல் எப்போது வந்தான் இந்தப் பெரியவன்?

பாலம் கட்டும் வேலைக்கு வெளியூர் போயிருந்த வீட்டுக்காரர் அன்று சாயங்காலமும் போனில் முகத்தைக் காட்டினார்.

“பெரியவன் எப்படி இருக்கான்?”

“சிட்டு நல்லா இருக்கா.”

“அதான் தெரியுமே. போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு. சுருட்டிக்கிட்டு இருந்த இலை விரிஞ்சிருச்சா?”

அவள் திருப்பினாள். விரிந்திருந்தது. காலையில் பென்சில்போல் சுருண்டு கிடந்த வெளிர்ப்பச்சை இப்போது அகலமாக, பளபளவென்று, தலையணைக்கு மேலே குடை பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அந்தச் சின்னத் திரைக்குள் கண் கலங்கிப்போய்ப் பார்த்தார். தன் பிள்ளை நடை பழகியபோதுகூட அந்தக் கண் கலங்கியதாக அவளுக்கு ஞாபகமில்லை. பற்றிக்கொண்டு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

பாதி மடிப்பு ஓடியிருக்கும். அறையிலிருந்து இழுப்புச் சத்தம் கேட்டது. விசில் ஏறியது. உச்சியில் சிக்கியது. அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு, மேசைமேல் இருந்த இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. முகத்தில் ஒரு சிணுங்கல்கூட இல்லை.

சத்தம் மட்டும் இருந்தது. ஏறியது, சிக்கியது, இறங்கியது. மேக மெஷினாக இருக்கும் என்று அதை நிறுத்தினாள். கடைசிப் புகையும் கரைந்து, ஈர மண்ணின் வாடை மட்டும் மிஞ்சிய அந்த அறையில், பூட்டிய ஜன்னலுக்கும் சாத்திய திரைக்கும் நடுவே, காற்று என்று ஒன்று வர வழியே இல்லாத இடத்தில், புதிதாக விரிந்த அந்த இலை லேசாக மேலே எழுந்து, ஒரு கணம் நின்று, தாழ்ந்தது. சத்தமும் அதோடு சேர்ந்து ஏறித் தாழ்ந்தது. இலை நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் புறங்கையில் விழுந்தது. இலை நுனியில் நீர் கோப்பது புதிதில்லை, அதையும் அவர் விளக்கியிருக்கிறார். ஆனால் இந்தச் சொட்டு வெதுவெதுப்பாக இருந்தது.

குனிந்து முகர்ந்து பார்த்தாள். பச்சை வாடை இல்லை. இருமல் மருந்தின் இனிப்பும், புளித்த பாலும், தூங்கி எழும் குழந்தையின் வாய்க்குள் இருக்குமே ஒரு சூடு, அதுவும்.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சிட்டுவை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் முதுகில் வைத்துக் கேட்டார், நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்து, அதன் வட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார். தன் நெஞ்சிலேயே ஒருமுறை வைத்துக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் பிள்ளைமேல் வைத்தார்.

“இழுப்பு இருக்கா டாக்டர்?”

“இழுப்பு சுத்தமா இல்ல. ஆனா மூச்சுச் சத்தமே ரொம்ப லேசாத்தான் கேக்குது. இது வேற பழசாயிடுச்சு, மாத்தணும். நீ விளையாடு கண்ணா, நல்லா இருக்கே.”

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷப்பட முயன்றாள். வழியில் சிட்டு, ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்தும் கேட்கவில்லை, படி ஏறும்போது தூக்கச் சொல்லவில்லை, இருமவும் இல்லை. கை மட்டும் சில்லென்று இருந்தது. அறைக்குள் நுழைந்து கட்டிலில் சாய்ந்த பிறகுதான் அந்தக் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. செடிகள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் மெல்ல அசைந்தன.

அவள் அப்போதுதான் கட்டிலை நகர்த்திப் பார்த்தாள். நகரவில்லை.

குனிந்தாள். பெரியவனின் தண்டிலிருந்து காற்றில் தொங்கும் வேர்கள், கம்பைப் பிடித்து ஏற வேண்டியவை, கம்பை விட்டுவிட்டுத் தரைக்கு வந்திருந்தன. தரையோடு தரையாகக் கட்டில் காலைப் பிடித்து ஏறி, தலைமாட்டுப் பலகையில் நரம்பு நரம்பாக ஒட்டி, தலையணை உறையின் தையல் வழியாக உள்ளே போயிருந்தன. அவளே தைத்த உறை. தலையணையைத் தூக்கினாள். பிள்ளையின் முடிக்கு நடுவில், கழுத்துப் பள்ளத்தில், வெள்ளையாக, ஈரமாக, ஊசி முனைபோல் நுனிகள்.

பயம்தான் முதலில் வந்தது. ஆனால் அவள் பயத்தோடு ஒரு நிமிஷம்கூடச் சேர்ந்து இருக்கத் தெரியாதவள். அந்தப் பயம் தொண்டையைத் தாண்டும்போதே கோபமாகிவிட்டது. போனை எடுத்தாள்.

“உங்க செடி எம்பிள்ள மூச்சைக் குடிக்குது.”

“என்ன உளறுற?”

“உளறல. பிள்ளைய அது பக்கத்துல கொண்டுபோய்ப் போட்டது நீங்க. எல்லாத்தையும் வெட்டித் தூக்கி எறியப் போறேன்.”

மறுமுனைக் குரலில் இதுவரை கேட்டிராத ஒரு பதற்றம்.

“தொடாதே. நான் வர்ற வரைக்கும் ஒண்ணையும் தொடாதே. ஒரு இடத்துக்குப் பழகினதைத் திடீர்னு பிரிச்சா தாங்காது. நான் சொல்றதைக் கேளு.”

“செடி தாங்காதா?”

“செடியை மட்டும் சொல்லல—”

அவள் வைத்துவிட்டாள். இத்தனை வருஷம் கேட்டது போதும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை கொடு என்பவர், இலை பழுத்தால் பாதி வேலையில் ஓடிவருபவர், அவர் குரல் இன்றைக்குத்தான் நடுங்குகிறது, அதுவும் எதற்காக. அவள் தையல் மேசைக்குப் போய், துணியைத் தவிர வேறு எதிலும் படவிடாத பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள்.

முதலில் தலையணைப் பக்கத்து வேர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நறுக்கினாள். உள்ளே வெள்ளையாக, நூல் நூலாக இருந்தது. சிட்டுவின் கழுத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் மிஞ்சின. அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூடத்தில் உட்காரவைத்து, கார்ட்டூன் போட்டுவிட்டு, போர்வையைப் போர்த்தி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெட்டினாள். முறம் போன்ற இலைகள் தரையில் விழுந்து தட்டுத் தட்டென்று சத்தம் எழுப்பின. வெட்டுப்பட்ட காம்பிலிருந்து வந்த நீர் அவள் மணிக்கட்டு வரை வழிந்தது, வெதுவெதுப்பாக. இது எம்பிள்ள ஐஸ்கிரீம் கேக்காததுக்கு. இது மேக மெஷினுக்கு. இது என் வெள்ளைத் துணிக்கு. வாய்விட்டே சொல்லிக்கொண்டு வெட்டினாள். அலமாரித் தொட்டிகளைக் கவிழ்த்து வேரோடு பிடுங்கினாள். கொக்கியில் தொங்கியதைப் பிய்த்து எடுத்தாள்.

கதவு கொஞ்சம் திறந்தது.

“அம்மா, குளிருது.”

“போர்வைய நல்லாப் போத்திக்கோ.”

“நெஞ்சுக்குள்ள குளிருது.”

“போய் உக்காருன்னு சொன்னேன்ல.”

அந்தக் குரலில் அவள் பிள்ளையிடம் ஒருநாளும் பேசியதில்லை. சிட்டு போய்விட்டாள். கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. அதன் பிறகு பிள்ளை கூப்பிடவில்லை.

கறுப்புக் குப்பைப் பைகளில் எல்லாவற்றையும் திணித்து, காற்றுகூட வெளியே போகாதபடி வாயை முறுக்கி முடிச்சுப் போட்டாள். அவள் முடிச்சு அவிழாது, தொழில் அப்படி. பெரியவனின் தண்டும் இலைகளும் மட்டும் ஒரு பையை நிறைத்தன. அதைத் தூக்க முடியாமல் பால்கனிக்கு இழுத்துவந்து போட்டுவிட்டு, மற்ற பைகளோடு கீழே இறங்கினாள். குப்பை லாரி தெரு முனைக்கு வந்திருந்தது. லாரிக்காரர் பைகளை வாங்கிப் பின்னால் வீசினார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு. கனமா இருக்கு, என்னால தூக்க முடியல.”

“இந்த வரிசைய முடிச்சிட்டு நானே வந்து எடுத்துக்கிறேன் அக்கா.”

இரும்புப் பலகை இறங்கிப் பைகளை நசுக்கியது. பைகளிலிருந்து காற்று பிதுங்கி, நீளமாக, மெல்லிசாக ஒரு விசில் கிளம்பி அறுந்தது. அவள் நின்று பார்த்தாள். நன்றாக இருந்தது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதுபோல், கை காலெல்லாம் லேசாகிப் படி ஏறினாள்.

வீட்டு ஜன்னல்களை எல்லாம் திறந்தாள். காற்று உள்ளே வந்து திரைகளைத் தூக்கியது. காய்ந்த, சுத்தமான காற்று.

“சிட்டு, இங்க வந்து பாரு. எவ்வளவு வெளிச்சம்.”

சிட்டு வரவில்லை. டிவி முன்னால் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

அவள் டிவியை நிறுத்தினாள். மண்டியிட்டாள். மூக்கருகே புறங்கையை வைத்தாள்.

எதுவும் படவில்லை.

நெஞ்சில் கை வைத்தாள். அடியில் இதயம் ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை. உதட்டு ஓரம் நீலம். கண்கள் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன, அழாமல், பொறுமையாக, அம்மா ஏதாவது செய்வாள் என்று.

இன்ஹேலர். வாயில் வைத்து அழுத்தினாள். மருந்து உள்ளே போகவில்லை. திறந்த வாயிலேயே கொஞ்ச நேரம் நின்றது. வெளியே வழிந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வழிந்தது. தன் வாயை வைத்து ஊதினாள். நெஞ்சு எழும்பியது, எடுத்ததும் அப்படியே சரிந்தது. தானாக எழும்பவில்லை.

அப்போது கேட்டது.

விசில். ஏறியது. சிக்கியது. இறங்கியது.

பால்கனியிலிருந்து.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கறுப்புப் பை, போட்ட இடத்திலேயே கிடந்தது. மெல்ல உப்பியது. பிளாஸ்டிக் இறுகிப் பளபளத்தது. பிறகு சுருங்கி, உள்ளே இருந்த தண்டோடு ஒட்டியது. மறுபடி உப்பியது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக. உள்ளே இருப்பது அவ்வளவு காற்றுதான். வாயை முறுக்கிக் கட்டியது அவள்தான்.

மடியில் சிட்டு. முன்னால் பை. முடிச்சைப் பிடித்து இழுத்தாள். நகம் பிய்ந்தது. அவிழவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வந்து பிளாஸ்டிக்மேல் வைத்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. கிழித்தால் அந்த மூச்சு பிள்ளைக்குத் திரும்பி வருமா? இல்லை, திறந்துவிட்ட ஜன்னல் காற்றோடு போய்விடுமா? மிச்சமிருப்பது இது ஒன்றுதான். மற்றதை லாரியில் போட்டாயிற்று. நின்று பார்த்தாயிற்று.

மேசைமேல் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

சிட்டுவின் பார்வை அம்மாவை விட்டு விலகியது. மெதுவாகத் தலையைச் சாய்த்து, பையைப் பார்த்தாள்.

படியில் கனத்த காலடி. திறந்து கிடந்த வாசல் கதவில் யாரோ தட்டினார்கள்.

“அக்கா, அந்தப் பைய எடுத்துக்க வந்தேன்.”

அவள் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் பையை அணைத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கன்னத்துக்கு அடியில் அது மெல்ல மெல்ல உப்பியது. விசில் ஏறியது. உச்சியில் சிக்கியது.

அங்கேயே நின்றது.